சுரங்கத்துக்குள் இருந்து வந்த சேதி: கோலார் தங்கவயலும் அணுப் பாதுகாப்பும்

2012 நவம்பர். டொராண்டோவில் குளிர் ஆரம்பித்திருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலிருந்து போன். அந்த நேரத்தில் ஊர் நம்பர் வந்தால் நமக்கெல்லாம் வயிற்றில் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எடுத்தால் அத்தை, ராபர்ட்சன்பேட்டையிலிருந்து.

"கண்ணு, கூடங்குளத்து அணுக் குப்பையை நம்ம சுரங்கத்துல கொண்டாந்து கொட்டப் போறாங்களாமே? இங்க கடையெல்லாம் மூடிட்டாங்க. நீதான் இந்த பாதுகாப்பு வேலையில இருக்கியே, நெசமாப்பா?"

நான் ரசாயன ஆலைகளில் பாதுகாப்புத் தணிக்கை பார்ப்பவன். அணு உலையை வெளியில் நின்றுகூடப் பார்த்ததில்லை. "விசாரிச்சு சொல்றேன் அத்தை" என்று வைத்துவிட்டேன். விசாரிக்கத்தான் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அத்தை இப்போது இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். தங்கவயலில் பிறந்து இப்போது எங்கெங்கோ இருப்பவர்களுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் பயன்படலாம்.

முதலில், நடந்தது என்ன?

கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா முன்னால் நடந்துகொண்டிருந்தது. எரிந்து முடிந்த எரிபொருளை, அதன் கழிவைக் கடைசியில் எங்கே வைப்பீர்கள் என்று கேள்வி வந்தது. ஆழ் நிலத்தில் நிரந்தரக் கிடங்கு அமைப்பது பற்றி அரசுத் தரப்பு சொன்ன பதிலில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயரும் வந்துவிட்டது. மறுநாள் பத்திரிகைகளில் அது "கழிவு கோலாருக்கு" என்று ஆனது. ஊரில் ஊர்வலம், கடையடைப்பு. அப்போதைய கர்நாடக முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டரும் எதிர்ப்புத் தெரிவித்தார். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசும் அணுமின் கழகமும் அவசரமாக மறுத்தன.

பிறகு கிடைத்த விளக்கம் இது. 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கோலாரில், வேலை முடிந்து கைவிடப்பட்ட ஒரு பகுதியில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் ஒரு சோதனை நடத்தியிருந்தது. அணுக்கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கிக் கட்டியாக்கிப் புதைத்தால் அது பல ஆண்டுகளுக்குச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள பாறை அந்தச் சூட்டைத் தாங்குமா, விரிசல் விடுமா என்று தெரிய வேண்டும். அதற்காகப் பாறையில் மின்சார ஹீட்டர்களை இறக்கிச் சில வருடங்கள் அளந்தார்கள். ஹீட்டர்தான். கழிவு எதுவும் இறங்கவில்லை. இந்தப் பழைய சோதனையைப் பற்றிய பேச்சுதான் நீதிமன்றத்திலிருந்து ஊருக்கு வருவதற்குள் "கொட்டப் போறாங்க" என்று ஆகியிருந்தது. 2013 மே 6ம் தேதி தீர்ப்பு வந்தது. கூடங்குளம் தொடர அனுமதி, கூடவே 15 கட்டளைகள்.

அப்படியானால் எல்லாம் வதந்தி, முடிந்தது கதை என்று விட்டுவிடலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயிரம் மீட்டர் கீழே வருடக்கணக்கில் நடந்த ஒரு சோதனை, அந்தச் சுரங்கத்தின் மேலேயே குடியிருந்த ஊருக்கு முப்பது வருஷம் கழித்து டெல்லி வழக்குச் செய்தியாக வந்து சேர்கிறது. செய்தி வந்ததும் ஊர் யாரை நம்பிக் கேட்பது? கண்காணிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைக் கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தை டொராண்டோவுக்குப் போன் போட்டார்!

இயந்திரம், பாறை, கான்கிரீட் என்று பாதுகாப்புக்குப் பல பகுதிகள் உண்டு. யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள், நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதும் அதில் ஒரு பகுதிதான். இதை எங்கள் துறையில் மனிதக் காரணி, அமைப்புக் காரணி என்பார்கள். பேர் பெரிதாக இருந்தாலும் விஷயம் தங்கவயல்காரர்களுக்குப் பழையது. எப்படி என்று சொல்கிறேன்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கமிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 120 வருடத்தில் 800 டன் தங்கம் வெளியே போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல்.

அவ்வளவு ஆழத்தில் பாறையைக் குடைந்து வெற்றிடம் உண்டாக்கினால் மேலேயுள்ள மொத்த எடையும் மீதமிருக்கும் பாறை மேல் ஏறுகிறது. தாங்க முடியாத ஒரு நொடியில் அது குண்டு மாதிரி வெடிக்கிறது. இதுதான் ராக் பர்ஸ்ட். தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வீட்டில் பாத்திரம் கடகடவென்று ஆடும், அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, எந்த ஷாஃப்ட், எந்த ஷிஃப்ட் என்று தெருவுக்கு ஓடுவார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. மரத்தூண்களின் இடத்தில் கருங்கல் சுவர், பிறகு கான்கிரீட் என்று தாங்கு முறைகள் மாறின. 1970களின் கடைசியில் பாபா மையத்தின் உதவியோடு நில அதிர்வுக் கருவிகள் வைக்கப்பட்டன. 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. ஆனால் கருவி வருவதற்கு வெகு காலம் முன்னாலேயே கீழே ஒரு கருவி இருந்தது: மனிதனின் காது. கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியான பாறை கணீரென்று பேசும், விட்டுப்போன பாறை பொத்தென்று பேசும். வெடிப்பதற்கு முன் சில சமயம் உள்ளே சடசட சத்தம் வரும். என் மாமா சொல்வார்: "பாறை சொல்லிட்டுத்தாண்டா விழும். நாமதான் கேக்கணும்."

இங்கேதான் அமைப்பு உள்ளே வருகிறது. கூலிக்காரன் காதில் விழுந்த சத்தம், வேலையை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரின் காதுக்குப் போக வேண்டும். அதற்கு நடுவில் மேஸ்திரி, ஃபோர்மேன், கேப்டன், மேனேஜர் என்று எத்தனை படி! ஷிஃப்ட் முடிந்தால் தங்கத் திருடன் என்ற சந்தேகத்தில் உடம்பைத் தடவிச் சோதிக்கப்படும் மனிதன் அவன். 1930ல் எல்லாத் தொழிலாளரின் கைரேகையையும் பதிவு செய்யப் போகிறோம் என்று கம்பெனி கிளம்பியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒருவனை எந்நேரமும் சந்தேகப்படும் இடத்தில், அவன் சொல்லும் எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு இருக்கும்? நாளைக்கு அவன்தான் எதற்குச் சொல்லப் போகிறான்?

ஆனால் சுரங்கத்துறையில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. சுரங்கங்களைப் பரிசோதிக்கும் அரசு அமைப்பு 1902லேயே தொடங்கியது. பின்னாளில் தன்பாத்தைத் தலைமையகமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் ஆனது அதுதான். தங்கவயல் சுரங்கங்களை 1956ல் மைசூர் அரசு எடுத்தது. 1962ல் அவை மத்திய அரசுக்கு மாறின. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. சுரங்கத்தை நடத்தியது ஒரு அமைச்சகம், சோதித்த இயக்குநரகம் இருந்தது வேறு இடத்தில், தொழிலாளர் துறையின் கீழ். உற்பத்தி குறைந்தால் சோதிப்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உரிகத்திலேயே அதன் அலுவலகம் ஒன்று இருந்தது. பெரிய சுரங்கங்களில் தொழிலாளர் தரப்பிலிருந்தே பாதுகாப்பு ஆய்வாளர், பாதுகாப்புக் குழு என்று விதியும் பின்னால் வந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. தனி ஆய்வாளர் இருந்தும் ராக் பர்ஸ்ட் ஆட்களைக் கொன்றது. பாறைத்தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஒரு தலைமுறையையே இருமவைத்தது. சோதிப்பவர் தனியாக இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. கீழேயிருந்து சேதி வரும் வழி திறந்திருக்க வேண்டும், வந்த சேதியை நடவடிக்கையாக மாற்றும் மனசும் வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அணு உலைக்குள் போவோம்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட். அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ "மூடு என்று உத்தரவு போய்விட்டது" என்பதைத்தான் காட்டியது. வால்வு நிஜமாக மூடியதா என்று காட்டவில்லை. ஊழியர்கள் மூடிவிட்டது என்று நம்பினார்கள். தண்ணீர் அதிகம் இருக்கிறது என்று நினைத்து அவசரக் குளிர்விப்பைக் குறைத்தார்கள். உலையின் மையம் பாதி உருகியது. முதலில் பழி ஊழியர்கள் தலையில் விழுந்தது. பிறகு தெரிந்தது: 1977 செப்டம்பரிலேயே டேவிஸ்-பெஸ்ஸி என்ற உலையில் இதே மாதிரி வால்வு இதே மாதிரி மாட்டியிருந்தது. அதைக் கவனித்து எச்சரித்த பொறியாளர்களும் இருந்தார்கள். அந்தச் சேதி த்ரீ மைல் ஐலண்ட் ஊழியரின் கைக்கு வரவேயில்லை. விசாரித்த கெமெனி ஆணையம், அடிப்படைச் சிக்கல் இயந்திரத்தில் இல்லை, மனிதர்களிலும் அமைப்புகளிலும் இருக்கிறது என்று சொன்னது. 1986ல் செர்னோபில். அதற்குப் பிறகு சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு "பாதுகாப்புப் பண்பாடு" என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

சரி, நம் நாட்டில்?

1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசம் நரோரா. டர்பைன் பிளேடு உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. முக்கிய மின்வழி, மாற்று மின்வழி எல்லாக் கேபிளும் ஒன்றாகப் போனதால் ஒன்றாகவே எரிந்தன. பல மணி நேரம் நிலையமே இருட்டு. கேபிள்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்ற பாடத்தை 1975லேயே அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி தீவிபத்து உலகத்துக்குச் சொல்லியிருந்தது. 18 வருஷம் கழித்தும் சேதி நரோராவின் சுவருக்குள் முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஆனால் அன்றைக்கு நிலையத்தைக் காப்பாற்றியதும் மனிதர்கள்தான். உடனே உலையை நிறுத்தினார்கள். இருட்டில் டார்ச்சோடு ஏறி, கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை இறக்கினார்கள். டீசல் தீயணைப்பு பம்புகளை வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மனிதக் காரணி என்றால் மனிதத் தவறு என்று மட்டும் நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2003 ஜனவரி 21, நம் கல்பாக்கம். அணுமின் நிலையத்தில் அல்ல, பக்கத்திலுள்ள மறுசுழற்சி ஆலையில். ஒரு வால்வு பழுது. குறைந்த கதிர்வீச்சுள்ள திரவம் என்று நினைத்து ஊழியர்கள் கையாண்டது உண்மையில் அதிகக் கதிர்வீச்சுள்ளது. அந்த இடத்தில் எச்சரிக்கை செய்ய வேண்டிய கதிர்வீச்சு அளவிகள் இல்லை. 6 பேர் வரம்புக்கு மேல் கதிர்வீச்சு பெற்றார்கள். பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ஊழியர் சங்கம் நிர்வாகத்துக்கு எழுதியது. விஷயம் வெளியுலகுக்கு முழுசாகத் தெரிய மாதங்கள் ஆயின. கவனியுங்கள், பாபா மையத்தின் ஆலைகள் 2000ம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அந்த ஆலையை நடத்தியவர்களும் சோதித்தவர்களும் ஒரே வீட்டுக்காரர்கள்.

அந்த வாரியம் 1983 நவம்பர் 15ல் அரசாணை மூலம் உருவானது. நாடாளுமன்றம் அதற்கென்று சட்டம் போட்டு உருவாக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளர், அதாவது உலைகளைக் கட்டி நடத்தும் துறையின் தலைவர். தங்கவயலில் ஃபோர்மேனைச் சோதிக்க வந்த ஆய்வாளருக்குச் சம்பளம் வேறு துறையிலிருந்து வந்தது. இங்கே அப்படி இல்லை. 1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் பதவியிலிருந்து இறங்கிய பிறகு இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். வாரியத்தில் திறமையான, நேர்மையான ஆட்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் மாமனார் வீட்டுக் கணக்கை மருமகன் தணிக்கை செய்தால், மருமகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊர் நம்புமா?

2012ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் இதைச் சொன்னது: வாரியம் சட்டப்படி அரசுக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாகவே இருக்கிறது, விதிகளை உருவாக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, அபராதங்களோ யாரையும் பயமுறுத்தாத அளவுக்குச் சிறியவை. இன்னொரு கணக்கும் இருந்தது. நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 5,270 மட்டுமே பதிவானவை. 91 சதவீதம் கண்காணிப்புக்கு வெளியே! அதே 2012 ஜூலையில் ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு, ஃபுகுஷிமா மனிதர்களால் உண்டான பேரழிவு என்று எழுதியது. அங்கேயும் அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே கண்காணிப்பு அமைப்பு இருந்தது. அந்த செப்டம்பரில் ஜப்பான் அதைக் கலைத்துத் தனி அமைப்பை வைத்தது. அமெரிக்கா இந்தப் பிரிவினையை 1975லேயே செய்துவிட்டது.

அத்தையின் போன் வந்தது அந்த நவம்பரில். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊர் பயந்தது அறியாமையால் என்று அப்போது பல படித்தவர்கள் எழுதினார்கள். பாறையைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது பலருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. நிரந்தரக் கிடங்குக்கு வேண்டியது அசையாத, முழுசான, நீர் ஓடாத பாறை. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 வருஷத்துக்கு மேல் ஆகும். தங்கவயலோ நூற்றுக்கணக்கான மைல் குடைந்து வெற்றாகிப் போன இடம். 2001 பிப்ரவரியோடு சுரங்கம் மூடி பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறி நிரம்பியது. மூடிய பிறகும் அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. பாத்திரம் ஆடுவதைப் பார்த்து வளர்ந்த ஒரு அம்மா "அங்கயா வைக்கப் போறீங்க?" என்று கேட்டால், நிபுணர் குழு கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதானே!

விஞ்ஞானம் மேல் ஊருக்கு வெறுப்பும் கிடையாது. 1965ல் டாடா ஆராய்ச்சி நிலையத்தினர் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு. 1980களில் புரோட்டான் சிதைவுச் சோதனையும் அங்கேதான் நடந்தது. விஞ்ஞானிகளும் அவர்களுடைய கருவிகளும் கீழே போக நம்ம ஆட்களின் உழைப்பு வேண்டியிருந்தது. "எங்க சுரங்கத்துல ஆராய்ச்சி பண்ணாங்க" என்று மாமா பெருமையாகத்தான் சொல்வார். ஹீட்டர் சோதனையையும் அன்றைக்கே ஊரைக் கூப்பிட்டுத் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லியிருந்தால், 2012ல் கடையடைப்பு நடந்திருக்குமா? சந்தேகம்தான்.

அதன் பிறகு? 2011ல் கொண்டுவரப்பட்ட தனி ஒழுங்குமுறை ஆணைய மசோதா 2014ல் மக்களவையோடு காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் சாந்தி சட்டத்தை நிறைவேற்றியது. 1962ம் வருடத்து அணுசக்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த அது, வாரியத்துக்கு நேரடியான சட்ட அந்தஸ்து கொடுத்தது. தனியாரும் அணுமின் நிலையம் நடத்த வழி திறந்தது. சட்ட அந்தஸ்து நல்லதுதான். ஆனால் தங்கவயல் கற்றுக்கொடுத்த மூன்றில் அது ஒன்றுதான். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் "இந்த அளவி வேலை செய்யலை சார்" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறதா, சொன்னால் வேலை நிற்கிறதா, அவன் வேலை போகிறதா? புதிய சட்டத்தை நான் அளக்கப்போவது இதை வைத்துத்தான்.

என் வேலையில் ஒரு ஆலைக்குள் போனதும் முதலில் கட்டுப்பாட்டு அறைக்குப் போவதில்லை. கீழே பம்பு பார்ப்பவரிடம் போய், "கடைசியா நீங்க எப்போ ஒரு குறை சொன்னீங்க, அதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. மாமாவிடம் கேட்டதுதான்.

ஆகவே அத்தைக்குப் பதில்: இல்லை அத்தை, கொட்டவில்லை. அன்றைக்கு ஹீட்டர்தான் வைத்தார்கள், கிடங்குத் திட்டத்தில் கோலார் இல்லை என்று பிறகு சொல்லிவிட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்கு உங்கள் வாசலுக்கு வந்து பதில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வரவில்லை.

மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு கேஜில் இறங்கிய கதை தெரியாது. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. உங்கள் வீட்டில் சுரங்கத்தில் இறங்கிய பெரியவர் யாராவது இருந்தால் இந்த வாரம் ஒரு போன் போட்டு, பாறை என்ன சத்தம் போடும், கேட்டால் யாரிடம் சொல்வீர்கள், சொன்னால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.